மலையைப் படிக்க வந்தவர்கள்

1869 மே மாதம். பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமை மலையில், கலூல என்ற கோப்பித் தோட்டத்தில் சில செடிகளின் இலைக்கு அடியில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பது கண்ணில் பட்டது. அந்த இலைகள் பேராதனைப் பூங்காவுக்குப் போயின. அங்கே பணிப்பாளராக இருந்த த்வெய்ட்ஸ் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். பூஞ்சணவியலில் பேர்பெற்ற மைல்ஸ் பெர்க்லி அதே ஆண்டில் அந்தப் புதிய பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். அதற்குப் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் அழிந்துபோனது.

இந்த மலைநாட்டை ஆராய இளம் பட்டதாரிகள் வரத் தொடங்கிய கதை அந்த இலையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பூஞ்சணத்தைத் தேடி ஒருவர் வந்தார். புல்லைத் தேடி ஒருவர். காற்றையும் மழையையும் தேடிச் சிலர், சரியும் மண்ணைத் தேடிப் பலர். பட்டம் முடித்த கையோடு வந்தவர்களும் உண்டு, பட்டத்துக்காகவே வந்தவர்களும் உண்டு. அவர்கள் கண்டறிந்தது கொஞ்சமில்லை. கண்டறிந்ததில் எவ்வளவு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் பதுளை அடங்கிய ஊவாவின் சூழல் ஆய்வு வரலாற்றில் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் வந்தவர் ஹரி மார்ஷல் வார்ட். கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் படித்து 1879இல் முதல் வகுப்பில் தேறியவர். மறு ஆண்டே இலங்கை அரசு, அந்தப் பூஞ்சணம் உண்டாக்கிய துருநோயை ஆராய அவரை வரவழைத்தது. அப்போது அவருக்கு வயது 26. மண் களைத்துவிட்டது, மழை பிழைத்துவிட்டது, செடி பலம் இழந்துவிட்டது என்று தோட்டத் துரைமார் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வார்ட் இலையை நுண்நோக்கியின் கீழே வைத்துப் பார்த்தார். செம்மஞ்சள் பொடி என்பது பூஞ்சணத்தின் வித்திகள், அவை ஈரமான இலையில் விழுந்து முளைக்கின்றன, இலையின் நுண்துளை வழியே உள்ளே நுழைகின்றன என்று படிப்படியாகக் காட்டினார்.

அந்த வித்திகள் எப்படிப் பயணம் செய்கின்றன என்பதை அவர் கண்டுபிடித்த விதம் இன்றும் வியக்க வைப்பது. கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் பூசித் தோட்டத்தில் காற்று படும்படி தொங்கவிட்டார். ஒட்டிக்கொண்ட தூசியை நுண்நோக்கியில் பார்த்தபோது அதில் துருநோயின் வித்திகள் கிடந்தன. நோய் காற்றில் வருகிறது. மழையும் ஈரமும் அதை முளைக்க வைக்கின்றன. மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை நட்டு, நடுவே நின்ற காட்டையும் வெட்டித் தள்ளியதால் காற்றுக்குத் தடையில்லாத பாதை கிடைத்துவிட்டது. வார்ட்டின் அறிக்கைகள் சொன்ன சேதி இதுதான். துரைமார் மருந்தை எதிர்பார்த்தார்கள், கிடைத்ததோ காரணம். அவர்களுக்கு ஏமாற்றம். 1882இல் வார்ட் திரும்பிப் போனார், பின்னாளில் கேம்பிரிட்ஜிலேயே தாவரவியல் பேராசிரியரானார். பயிர்நோயை வானிலையோடும் நிலப் பயன்பாட்டோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த தொடக்க ஆய்வுகளில் ஒன்றாக அவருடைய இரண்டாண்டு வேலை இன்றும் பேசப்படுகிறது.

கோப்பி விழுந்தபோது துரைமார் சிலர் முறிந்துபோனார்கள். சேர வேண்டிய சம்பளத்தை இழந்தவர்கள் கொத்துக் கொத்தாக இந்தியாவிலிருந்து வந்திருந்த தொழிலாளர்கள். நோயைப் பற்றிய அறிக்கைகளில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அடுத்து வந்த தேயிலையை நட்டதும் அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். அதே ஒரே பயிர் முறை, அதே மொட்டை மலை.

காட்டைப் பற்றிய கவலை அதற்கு முன்பே எழுந்திருந்தது. கியூ பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், மலை உச்சிக் காடுகளை அழித்தால் மழையும் ஆறுகளும் கெடும் என்று எச்சரித்தார். அதன் பேரில் 1873இல் 5,000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளைத் தோட்டத்துக்குக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அந்த நாளைக்கு அது துணிச்சலான முடிவு. ஆனால் கோட்டுக்கு மேலே காடு தப்பியதே தவிர, கோட்டுக்குக் கீழே இருந்த சரிவுகளைக் காப்பாற்ற எந்தக் கட்டளையும் வரவில்லை. ஹப்புத்தளையிலிருந்து கொஸ்லாந்தை வரை மலை செங்குத்தாக இறங்கும் அடிவாரச் சரிவுகள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் வருகின்றன.

1897இல் கேம்பிரிட்ஜிலிருந்து இன்னொரு இளம் தாவரவியலாளர் வந்தார். பெயர் ஹென்றி ஹரல்ட் வெல்ஷ் பியர்சன். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் போகிறவர்கள் காணும் பத்தனைப் புல்வெளிகள்தாம் அவருடைய விஷயம். சுற்றிலும் காடு வளரக்கூடிய மழை இருக்க, இந்த மேடுகளில் மட்டும் மானாப்புல் மண்டிக் கிடப்பது ஏன்? மண்ணா, காற்றா, ஆண்டுதோறும் வைக்கும் தீயா? பியர்சன் இவற்றை ஈரப் பத்தனை, உலர் பத்தனை என்று பிரித்து எழுதிய கட்டுரை 1899இல் லின்னியன் சங்கத்தின் இதழில் வந்தது. அவர் எழுப்பிய கேள்வியை அடுத்த அறுபது ஆண்டு வனவியலாளர்கள் விவாதித்தார்கள். பியர்சன் பின்னர் தென்னாபிரிக்காவுக்குப் போய், 1913இல் கேப்டவுனில் கேர்ஸ்டன்பொஷ் தாவரவியல் பூங்காவை நிறுவினார். ஊவாவின் புல்லில் பழகிய கண் அது.

இங்கிலாந்துக் கல்விமான்கள் வந்து போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், ஆரவாரமில்லாமல் இன்னொரு வேலை தோட்டங்களில் நடந்துகொண்டிருந்தது. காலையில் மழைமானியைப் பார்த்து, விழுந்த மழையைப் புத்தகத்தில் பதிவது. தோட்டத்துக்குத் தோட்டம் அப்படியொரு மழைப் புத்தகம். பதுளை நகரின் மழைக் கணக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. இலங்கையின் மிகப் பழைய, நீண்ட மழைப் பதிவுகளில் அதுவும் ஒன்று. கவ்வாத்து எப்போது, உரம் எப்போது என்று முடிவுசெய்யத் துரைக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது. பிற்காலத்தில் மலைநாட்டின் காலநிலையை ஆராய வந்த ஒவ்வொருவரும் இந்தப் புத்தகங்களின் மேல்தான் நின்றார்கள். உலகின் பல மலைநாடுகளில் ஆய்வாளருக்குக் கிடைக்காத செல்வம் இது. கிளாக்கர்மார் கையால் எழுதிச் சேர்த்தது.

அந்தச் செல்வத்தை அறிவாக்கியவர்களில் ஒரு தமிழரின் பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜோர்ஜ் தம்பையாபிள்ளை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர், கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தவர். 1954இல் பல்கலைக்கழகத்தின் ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரை இலங்கை மழையின் தாளத்தைப் பற்றியது. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்று இரண்டாகப் பிரித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது, நடுவில் வரும் மாதங்களுக்கும் தனித்தனிக் குணம் உண்டு என்று அவர் காட்டினார். ஊவாவைப் பொறுத்தவரை இது உயிர்நாடியான விஷயம். கொழும்பும் இரத்தினபுரியும் நனையும் ஜூன், ஜூலையில் பதுளை காய்ந்து கிடக்கும். பதுளைக்குப் பெருமழை ஐப்பசியில் இடியோடு தொடங்கும். வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகும் மாதங்கள் அவை. பின்னர் மார்கழி, தை வரை வடகிழக்குக் காற்று மழையைக் கொண்டுவரும். ஊவாவில் மண் சரிந்த நாட்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்தத் தாளம் அப்படியே தெரியும்.

1958இல் பிரித்தானியாவின் ‘வெதர்’ இதழில் தம்பையாபிள்ளை கச்சான் காற்றைப் பற்றி எழுதினார். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது ஈரத்தையெல்லாம் ஹட்டன், வட்டவளைப் பக்கம் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அழுத்தம் கூடிச் சூடேறி, உலர்ந்த காற்றாக ஊவா வடிநிலத்தில் பாய்கிறது. ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் ஃபோன் என்று அழைக்கும் காற்றின் இனம்தான் கச்சான் என்று அவர் நிறுவினார். ஆடியில் மரத்தை முறிக்கும், கூரைத் தகரத்தைத் தூக்கும், கண்ணையும் தோலையும் எரிய வைக்கும் இந்தக் காற்றைத் தோட்டத்து மக்கள் தலைமுறையாக அறிவார்கள். தேயிலை வியாபாரிகளுக்கும் அது வேறு விதத்தில் தெரியும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை காற்றும் வறட்சியும் சேர்ந்து கொழுந்தின் வளர்ச்சியைத் தாமதமாக்கும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கித் தந்த அந்த வாசம் பிறக்கிறது. வாசத்துக்கு நல்ல விலை. கொழுந்து குறையும் மாதத்தில் நிறை எட்டாமல், நாட்சம்பளமான பேர் அரைப் பேராவது பறிக்கும் பெண்ணுக்கு.

ஜேர்மனியிலிருந்து வந்த மன்ஃப்ரெட் டொம்ரோஸ் 1974இல் இலங்கையின் வேளாண் காலநிலை பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். மலைநாட்டின் மழையை அத்தனை நுட்பமாக வரைபடமாக்கிய புத்தகம் அதற்கு முன் இல்லை. பேராதனையில் சி. எம். மத்தும பண்டார மலைநாட்டு நில மாற்றத்தையும் ஆற்று நீரையும் இணைத்து ஆராய்ந்தார். தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் விஜேரத்ன, காலநிலை மாற்றம் இலங்கைத் தேயிலையை எப்படித் தாக்கும் என்று 1996இலேயே எழுதினார். 2007இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கணக்கின்படி தேயிலைக்கு மிகப் பொருத்தமான வெப்பநிலை 22 பாகை செல்சியஸ். அதற்கு மேலே ஏறினால் விளைச்சல் இறங்கும். மாத மழையில் 100 மில்லிமீற்றர் குறைந்தால் ஹெக்டயருக்கு 30 முதல் 80 கிலோ வரை தேயிலை குறையலாம்.

மண் அரிப்பின் கதையும் கூடவே ஓடுகிறது. 1931இல் அரசு நியமித்த குழு ஒன்று மண் அரிப்பைப் பற்றி அறிக்கை தந்தது. மண் காப்புச் சட்டம் 1951இல்தான் வந்தது. விவசாயத் திணைக்களத்தின் மண் விஞ்ஞானி கிருஷ்ணராஜா 1980களில் மத்திய மலைப் பகுதிக்குத் தந்த அளவுகள் திகைக்க வைப்பவை. காப்பு வேலை எதுவும் செய்யாத பழைய விதைத் தேயிலை மலையில் ஆண்டுக்கு ஹெக்டயருக்கு 40 தொன் மண் போகிறது. வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்து முறையாகப் பராமரித்த வீ.பி. தேயிலையில் அது ஒரு தொன்னுக்கும் குறைவு. வித்தியாசத்தை உண்டாக்குவது செடியின் மூடாக்கும் கானும். மலையில் குறுக்கே கான் வெட்டி, இடையிடையே தடுப்பு விட்டு, நீரை மெல்ல வடிய விடுவது ஆண்கள் தலைமுறையாகச் செய்த வேலை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போன காலத்தில் எத்தனையோ மலைகளில் முதலில் கைவிடப்பட்டது இந்தக் கான் வேலைதான். கான் அடைபட்டால் மழைநீர் மேலே ஓடாது, மலைக்குள்ளே இறங்கும்.

இறங்கினால் என்ன ஆகும் என்பது 1986 ஜனவரியில் தெரிந்தது. வடகிழக்குப் பருவ மழையில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் பல இடங்களில் ஒரே நேரத்தில் மலை சரிந்தது. உயிர்கள் போயின, பெருந்தொகையானோர் வீடிழந்தார்கள். மண்சரிவு என்பதை அங்குமிங்கும் நடக்கும் தற்செயல் விபத்தாகப் பார்த்துவந்த அரசு, அதன் பிறகுதான் அதை ஆய்வுக்குரிய ஆபத்தாகப் பார்க்கத் தொடங்கியது. 1984இல் உருவான தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியோடு 1990இல் மண்சரிவு ஆபத்து வரைபடத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் எடுத்த மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும்.

இந்தத் திட்டம் ஒரு தலைமுறை ஆய்வாளர்களின் பள்ளிக்கூடமாக இருந்தது. இளம் புவிச்சரிதவியலாளர்களும் பொறியியலாளர்களும் மலை மலையாக நடந்தார்கள். பாறையின் வகையும் அது சாய்ந்திருக்கும் திசையும், மேலே கிடக்கும் மண்ணின் தடிப்பு, சரிவின் கோணம், நீரோட்டம், நிலத்தின் உருவம், நிலம் பயன்படும் விதம் என்று ஆறு காரணிகளை ஒவ்வொரு சரிவுக்கும் மதிப்பிட்டு 1:10,000 அளவில் வரைபடம் போட்டார்கள். பழைய சரிவுகளிலிருந்து வந்து அடிவாரத்தில் குவிந்த தளர்ந்த மண்ணும் கல்லும்தான் மிக ஆபத்தானவை என்பது அந்த நடையில் உறுதியானது. அத்தகைய குவியல்கள் மேலிருந்து பார்க்க அழகாக, ஓரளவு மட்டமாக, ஊற்று நீரோடு இருக்கும். குடியிருக்கத் தோதான இடம் என்று தோன்றும். நூறு ஆண்டுக்கு முன் லயம் கட்டியவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

மழையின் எல்லைகளும் வகுக்கப்பட்டன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 150ஐத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். எளிமையான கணக்கு. ஒரு போத்தலும் அளவுகோலும் இருந்தால் பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம்.

ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் கொஸ்லாந்தைக்கு மேலே மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போனவர்கள், பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்த பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. முதல் நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் புதையுண்டார்கள் என்று சொல்லப்பட்டது. கணக்கு எடுக்க எடுக்க அது நாற்பதுக்குள் இறங்கியது. எந்த லயத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று உடனே சொல்லக்கூடிய பதிவு யாரிடமும் இல்லை. பலருடைய உடல்கள் இன்னும் அந்த மண்ணுக்குள்தான்.

ஆய்வு தோற்ற இடமாக மீரியபெத்தையைச் சொல்ல முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. குடும்பங்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுத்தில் இருந்தது. பேரழிவுக்குப் பின் சில அதிகாரிகள், சொன்னோம், மக்கள் போகவில்லை என்றார்கள். எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நிலம் அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்குச் சொந்தம். குடியிருப்பவருக்கு ஒரு அடி மண்ணும் இல்லை. லயத்தை விட்டால் வேலையும் போய்விடும் என்ற பயம். உள்ளூராட்சி சபை வந்து உதவலாமே என்றால், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவழிக்க இடம் கொடுக்கவில்லை. அது 2018இல்தான் திருத்தப்பட்டது. அதாவது மலை எப்போது நகரும் என்பதைக் கணிக்க அறிவு இருந்தது, மக்கள் நகர்வதற்கு இடம் இருக்கவில்லை. மாற்றுக் காணி கொடுக்காமல் வெளியேறச் சொல்வதை எச்சரிக்கை என்று ஏற்க முடியாது. அது பொறுப்பைக் கைகழுவும் கடிதம்.

தப்பியவர்கள் முதலில் பூனாகலை, கொஸ்லாந்தைத் தமிழ்ப் பாடசாலைகளிலும், பிறகு மக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டார்கள். 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். ஏறக்குறைய இரண்டு ஆண்டு அந்தத் தொழிற்சாலை ஸ்டோரில் படுத்துறங்கிய குடும்பங்கள் அவை. அதே பூனாகலைப் பக்கம் கபரகலைத் தோட்டத்தில் 2023 மார்ச் 19 இரவு மீண்டும் மண் சரிந்து லயங்கள் சேதமாயின.

மீரியபெத்தைக்குப் பின் ஆய்வு பெருகியது. பேராதனை, மொரட்டுவை, கொழும்புப் பல்கலைக்கழகங்களின் பட்டப்பின் மாணவர்கள் மண்ணின் நீர் அழுத்தத்தை அளந்தார்கள், செய்மதிப் படங்களை ஒப்பிட்டார்கள், இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பேட்டி கண்டார்கள். 2005இல் பதுளை–பசறை வீதியில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுகூடம் வாசலிலேயே கிடைத்தது. அருகே பதுலுசிறிகமவில் நிலம் மெல்ல மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. ஜப்பானின் ஜைக்கா அமைப்பின் உதவியோடு அங்கே நிலத்தின் நகர்வையும் நிலத்தடி நீரையும் அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. சரிவுக்குள் ஏறக்குறையக் கிடையாகத் துளையிட்டுக் குழாய் செருகி, உள்ளே தேங்கும் நீரை வெளியே வடித்தார்கள். நீர் மட்டம் இறங்கினால் நகர்வும் அடங்குகிறது. கான் வெட்டுகிறவர்கள் மேற்பரப்பில் செய்வதை இங்கே பொறியியல் ஆழத்தில் செய்கிறது.

மனிதன் உண்டாக்கும் ஆபத்தும் இந்த மலைக்குப் புதிதாகச் சேர்ந்தது. உமா ஓயா ஆற்று நீரைத் திருப்பும் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் நீர் பீறிடத் தொடங்கிய பின் பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. நிலத்தடி நீரைப் பற்றி முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்விகள் பிந்திக் கேட்கப்பட்டன. 2017இல் பண்டாரவளையில் மக்கள் வீதிக்கு இறங்க வேண்டியிருந்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். 2020 ஓகஸ்ட் 6 இரவு கேரளத்தில் மூணாற்றின் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மேல் மலை விழுந்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். 2024 ஜூலையில் அதே கேரளத்தில் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்தது. வேறொரு வழியும் உலகத்தில் உண்டு என்பதற்கு ஹொங்கொங் சாட்சி. 1972 ஜூனில் இரண்டு பெருஞ்சரிவுகள் நூற்றுக்கும் அதிகமானோரைக் கொன்ற பின், அங்கே 1977இல் சரிவுகளுக்கென்றே ஒரு அலுவலகம் அமைத்தார்கள். இன்று ஏறக்குறைய 60,000 செயற்கைச் சரிவுகளுக்கு அங்கே எண் உண்டு. ஒவ்வொன்றையும் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்று பதிவு உண்டு. ஊவாவில் ஒரு லயத்துக்கு மேலே இருக்கும் கானைத் துப்புரவாக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டால் கம்பனி, அரசு, சபை என்று மூன்று திசையில் கை நீளும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. அந்த நாட்களில் எழுந்த முறைப்பாடுகளில் ஒன்றை இங்கே பதிய வேண்டும். எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்பது அது. தொண்ணூறுகளிலிருந்து வரைபடம் இருக்கும் மாவட்டம் இது. மழையின் எல்லை மில்லிமீற்றர் கணக்கில் தெரிந்த மாவட்டம். அப்படியிருந்தும், போய்ச் சேர வேண்டியவரின் மொழியில் செய்தி இல்லை.

இன்று நிலைமை ஒரு விதத்தில் மாறியிருக்கிறது. வார்ட்டும் பியர்சனும் கப்பலில் வந்தார்கள். இப்போது காலநிலையும் மண்சரிவும் படிக்கிற மாணவர்களில் லயத்தில் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். கேள்விக்கொத்தோடு வருகிறவரிடம் தாத்தா காலத்தில் ஊற்று எங்கே இருந்தது, எந்த வருஷம் எந்த மலையில் வெடிப்பு கண்டது, எந்தக் கான் அடைபட்டுக் கிடக்கிறது என்று சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற கங்காணிமாரும் கான்வெட்டுக்காரர்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த அறிவு எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.

ஆகவே ஊவாவில் ஆய்வு செய்யப் போகிற மாணவர்களிடமும் அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களிடமும் கேட்க மூன்று விஷயங்கள் உண்டு. ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்திடம் கையளிக்கும் நாளில் அதன் முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் பத்துப் பக்கத்தில் எழுதி, ஆய்வு நடந்த தோட்டத்துப் பாடசாலையில் ஒரு பிரதி வையுங்கள். பழைய தோட்டங்களின் மழைப் புத்தகங்கள் கறையான் தின்னக் கிடக்கின்றன, அவற்றைப் படமெடுத்துச் சேமியுங்கள். முடிவுரையில் மண்ணின் உராய்வுக் கோணத்தோடு நிறுத்திவிடாமல், அந்தச் சரிவில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய பாதுகாப்பான காணி அதே பிரதேசத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் தருவதாக அரசுகள் ஏற்றுக்கொண்டு பத்தாண்டு ஆகிவிட்டது. ஆபத்து வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் லயங்களிலிருந்து அந்தக் காணிப் பகிர்வைத் தொடங்க வேண்டும், அடுத்த ஐப்பசிக்கு முன்.